சிரிக்கிற படம்

28 ஒக்டோபர் 2006, சனி இரவு

என்னைப் பெத்த ஐயா போயிட்டார். விடியப்புறமே யாழ்ப்பாணத்திலயிருந்து தம்பி போன் எடுத்துச் சொன்னவனாம். நான் நித்திரை. போனை எடுத்தது என்ர மனுசன். "அவளுக்கு நான் சொல்லுறன்" எண்டு வைச்சவராம்.

சொல்லேல்லை. முந்தியே பேசி வைச்சபடி என்னையும் மகளையும் ரோலர்கோஸ்டர் ஓடுற பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஹலோவீன், இந்த நாட்டுப் பேய்த் திருநாள் எண்டு அங்க எங்க பாத்தாலும் எலும்புக்கூடு. பேய்வீட்டுக்குள்ள சவப்பெட்டியிலயிருந்து ஒருத்தன் எழும்ப, நான் வயிறு நோகச் சிரிச்சன். மத்தியானம் இவர், "வடிவாச் சாப்பிடு, இன்னும் கொஞ்சம் சாப்பிடு" எண்டு ஒரே கரைச்சல். என்ன புதுசா அன்பு எண்டு பகிடி பண்ணினன்.

மகள் படுத்தாப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சண்டையால யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடக்கு. சொன்னாலும் நீ போயிருக்க ஏலாது. ஒரு நாளெண்டாலும் சிரிக்கட்டும் எண்டு நினைச்சன்."

சாவுச் செய்தியைச் சாப்பிட வைச்சுப்போட்டுச் சொல்லுறது எங்கட வழக்கம்தான். அது ஒரு நேரச் சாப்பாட்டுக்கு. ஒரு முழு நாளுக்கில்லை.

ரோலர்கோஸ்டரில எடுத்த படத்தை மகள் பிரிட்ஜில ஒட்டியிருக்கிறாள். நான் வாயைப் பிளந்து சிரிக்கிறன். இவர் என்னையே பாத்துக்கொண்டிருக்கிறார்.

இவர் சொன்ன உடன தம்பிக்குப் போன் எடுத்தன். ஊரடங்கு எண்டபடியால் பின்னேரமே எரிச்சாச்சாம். பிரேதம் தூக்குமட்டும் அம்மா போனை மடியில வைச்சுக்கொண்டு இருந்தவவாம், நான் எடுப்பன் எண்டு.

அம்மாட்டக் குடடா எண்டன்.

அவ போனுக்கு வரமாட்டாவாம்.