மோரி மடித்த இலை

12-6-1959, வெள்ளி.

மில்லில் மெஷின் பூட்ட வந்த ஜப்பான்காரர் மோரி, முதல் நாள் ஓட்டல் சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் வாழைப்பழம்தான் தின்று வந்தார். காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அவர் கிளம்பிவிட்டால் மெஷின் ஓடாது, என் வேலையும் போகும். இன்று எங்கள் ஊரில் இருக்கும் திருச்சி ஓட்டல் ஒன்றின் கிளைக்கு வலுவில் கூட்டிப் போனேன். ஒரு பருக்கை விடாமல் தின்றார். காலி இலையைக் கண்டதும் சர்வர் மறுபடி சோறு போட்டார். அதையும் தின்றார். நாலாவது தடவை மோரிக்கு வியர்த்துவிட்டது.

"போதும், வாளிய அங்கிட்டுக் கொண்டு போங்க!" என்றேன்.

"பசிச்ச மனுசன் சார், நீங்க ஏன் தடுக்குறீங்க?" என்றார் சர்வர்.

என் இலையை மடித்துக் காட்டினேன். மோரியும் மடித்தார். சர்வர் நகர்ந்துவிட்டார்.

"நிறுத்தும் வழி இதுதானா? எங்கள் ஊரில் இலையில் மிச்சம் வைக்கக் கூடாது. இது தெரியாமல்தான் வாழைப்பழத்தோடு நின்றேன்" என்றார் மோரி, அரைகுறை இங்கிலீஷில்.

காரம் காரணமே இல்லை! மடையன் நான், முதல் நாளே கேட்டிருக்கலாம். நாளைக்கும் அங்கேயே போக வேண்டுமாம். அப்பாடா, தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.