மூன்றாவது இடைவேளையில் வந்த போன்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நேற்று நம் ஹாக்கி அணி ஜெயித்துவிட்டது. போன லீக்கில் கடைசி இடத்தில் கிடந்தார்களே, அதே பயல்கள்தான். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ சிவகிரியில், நான் சங்கரன்கோவிலில், ஆளுக்கொரு டிவி. ஒவ்வொரு கால் பாகமும் முடிந்து இடைவேளை விட்டதும் போன் அடிக்கும். கிடைக்கிற சில நிமிடங்களில் ஒரு பஞ்சாயத்தையே நடத்தி முடிப்போம்.

பழைய ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டு இளவட்டங்களாக எடுத்து அணியைப் புதிதாகக் கட்டினார்களே, அதில்தான் நமக்குள் ஓயாத சண்டை. "நடுவுல நிக்க மூத்த ஆளு ஒருத்தன் வேணும்ட்டி. இல்லன்னா பந்து போற பக்கமே அம்புட்டு பேரும் ஓடுதானுவ" என்பாய். "கொஞ்சம் பொறுண்ணே, பயலுவ தேறிருவானுவ" என்பேன்.

போன லீக்கில் ஒரு நாள், இரண்டாவது இடைவேளையில், "ஒனக்குப் பழைய ஆளுவதான் பெருசு, புதுசா எவன் வந்தாலும் பிடிக்காது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். மூன்றாவது இடைவேளையில் நீ கூப்பிட்டாய். நான் வீம்புக்கு எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

மூன்றாம் நாள் காலையில் உனக்கு நெஞ்சுவலி என்றார்கள். நான் பஸ் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு என்ன சொல்லக் கூப்பிட்டாய் அண்ணே?

இந்த வருடம், நீ கேட்ட மாதிரியே, நடுவில் ஒரு மூத்த ஆட்டக்காரரை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் நேற்று இரண்டு கோலையும் போட்டது பயல்கள். அப்படியானால் நீ சொன்னது சரியா, நான் சொன்னது சரியா? உன்னோடு சண்டை போடாமல் ஜெயித்தும் ருசியில்லை.

நேற்று மூன்றாவது இடைவேளையில் போன் அடித்தது. உன் நம்பர். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். மதினிதான்.

"ஏட்டி செல்வி, நானும் டிவியப் போட்டு ஒக்காந்திருக்கேன். ஒண்ணும் வெளங்கல. நம்மாளுவ எந்தக் கலர் சட்டை?"

சொன்னேன். பிறகு, இத்தனை மாதமாகக் கேட்கத் துணியாததைக் கேட்டேன். அன்றைக்கு நான் எடுக்காதபோது நீ வருத்தப்பட்டாயா என்று.

"வருத்தமா? சிரிச்சாவ. 'கோவமா இருக்கா. பயலுவ ஒரு கோல் போட்டா அவளே கூப்பிடுவா'ன்னு சொன்னாவ. ஆட்டம் முடியுத வரைக்கும் போனை மடியிலயே வச்சிருந்தாவ."

அன்றைக்குப் பயல்கள் கோலே போடவில்லை அண்ணே.

அடுத்த ஆட்டத்திலிருந்து மதினியிடம் உன் கட்சியை நான் பேசப்போகிறேன். என் கட்சியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, என்னோடு மல்லுக்கு நிற்க வைப்பேன். கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் இனி நானே முதலில் கூப்பிடுவேன். உன் நம்பரிலிருந்து வருகிற எந்த அழைப்பையும் எடுக்காமல் விடமாட்டேன்.

இன்னும் தோல்வியை ஒப்புக்கொள்ளாத உன் தங்கச்சி,
செல்வி
சங்கரன்கோவில்