மூன்றாவது நாற்காலி போட்ட மார்க்

அன்புள்ள என் மனைவிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. அதனால் நீ அடுத்துத் தங்கப்போகும் விடுதியின் முகவரிக்கு இதை அனுப்புகிறேன்.

சமையலறைக் குழாய் ஒழுகியது. ஆள் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார். உன் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிவிட்டுத் தினமும் இங்கேதான் சாப்பிட வருகிறான். ஊருக்கே கண் பார்க்கிறவன், என் சமையலைக் கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிடுகிறான்.

உன்னை டிவியில் பார்த்தேன். டைவிங் போட்டியின் ஏழு நடுவர்களில் மூன்றாவது நாற்காலி. நீலக் கோட்டு உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சொல்லவில்லை. நீச்சல்குளத்துக்குப் போனால் காவலாளியிலிருந்து டிக்கெட் கிழிப்பவர் வரை என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மேடம் எப்போ வர்றாங்க சார்?" அந்தக் குளத்தின் பத்து மீட்டர் மேடையிலிருந்து பதினைந்து வருடம் குதித்தவன் நான். டைவிங் நடுவர் தேர்வுக்கு உனக்கு விதிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவனும் நான். நீ முதல் தடவையே தேறினாய், நான் மூன்றாம் தடவை. இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து ஏதோ சொல்ல, நீ சிரித்ததுகூட டிவியில் வந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கப் போவதில்லை.

முதல் நாளிலிருந்தே நானும் ஒரு நோட்டில் மார்க் போட்டுவந்தேன். திரையின் அடியில் உங்கள் ஏழு பேர் மார்க்கும் வரும். நீ எட்டு போட்டால் எனக்கு அது ஏழுக்கு மேல் தேறாது. நீ ஆறரை போட்டால், அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்துவிட்டாய் என்று கத்துவேன். போன வருடம் தங்கம் வாங்கிய நெட்டைப் பெண்ணுக்கு நீ எட்டரை போட்டபோது, பெயரைப் பார்த்து மார்க் போடுகிறாய் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

உன் தம்பி நான்கு நாள் பொறுத்துப் பார்த்தான். ஐந்தாம் நாள் பெட்டியோடு வந்து என் கண்ணைப் பரிசோதித்தான். "கண்ணுல ஒரு குறையும் இல்லை அத்தான்" என்றான். அதோடு விட்டிருக்கலாம். நான் பார்க்காத ஒரு போட்டியைப் பதிவுசெய்து வைத்திருந்தான். அதை ஓடவிட்டு, மார்க் வரும் இடத்தில் அட்டையை ஒட்டி, சத்தத்தையும் நிறுத்தினான். "இப்போ அக்கா மார்க்கைப் பார்க்காம போடுங்க பார்ப்போம்" என்றான்.

இருபது டைவ். பிறகு அட்டையை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பதினாறில் நீ போட்டதையேதான் நானும் போட்டிருந்தேன். மூன்றில் அரை மார்க் வித்தியாசம். மிச்சம் ஒன்று அந்த நெட்டைப் பெண்ணுடையது. கால் பிரிந்து, வாளியைக் கவிழ்த்த மாதிரி தண்ணீர் தெறித்திருந்தது. நீ ஆறு போட்டிருந்தாய். நான் எட்டு. பெயரைப் பார்த்தது நான்தான்.

உன் தம்பி கேலி செய்வான் என்று நினைத்தேன். செய்யவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. அதற்கு முந்தின நாள் நம் நீச்சல் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டிருந்தார். அடுத்த வருடப் பெரிய போட்டிக்கு நம் சங்கத்திலிருந்து ஒரு நடுவர்தான் போகலாம், பட்டியலில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கின்றன என்றார். நீ போடும் மார்க் எப்படி இருக்கிறது என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்டார். நான் பேச்சுவாக்கில் சொல்லவில்லை. "பெரிய பேரா இருந்தா அவ கை கொஞ்சம் தாராளமாயிடும் சார்" என்றேன். சொல்லும்போது வாய் இனித்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அட்டை எடுத்த மறுநாள் காலையிலேயே அவர் அலுவலகத்துக்குப் போய், நான் சொன்னது தப்பு என்றேன். "அன்னைக்குச் சொன்னதும் வீட்டுக்காரர், இன்னைக்குச் சொல்றதும் வீட்டுக்காரர். நான் எதை எடுத்துக்கிறது?" என்று கேட்டார். அந்த இருபது டைவுக்கும் மார்க் எழுதிய நோட்டுப் பக்கத்தைக் கிழித்து மேசையில் வைத்தேன். என் பெயரை எடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்தேன். உடனே பட்டியலில் அதை அடித்துவிட்டார். உன் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்த கேள்விக்குறியை மட்டும் அடிக்கவில்லை. குழு உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்யுமாம்.

கேட்டால் என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. என் வீட்டுக்காரர் ஏதோ கோபத்தில் சொல்லியிருப்பார் என்று சமாளிக்காதே. கோபம் இல்லை, பொறாமை. அந்த வார்த்தையையே சொல். அது இன்னும் முழுசாகப் போய்விடவும் இல்லை. நேற்று உன் முகம் டிவியில் வந்தபோதும் அதை அணைக்கத் தோன்றியது. எழுந்து போகாமல் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

உன் விமானம் எத்தனை மணிக்கு வரும் என்று எனக்கு எழுத மனம் வராவிட்டால் உன் தம்பிக்கு எழுது. நான் வந்து நிற்பேன். என்னோடு பேச வேண்டாம். பெட்டியை மட்டும் என் கையில் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறது என்று நம்பும்,

உன் கணவன்