மாமியாரின் வளை

அக்டோபர் 6

காலை முழுக்கச் சதுப்பில். தொடைவரை ரப்பர் பூட்ஸ், அதற்குள்ளும் தண்ணீர். ஆராய்ச்சிக்காக நான் போட்ட வேலிகளுக்குள் கோரை தோள் உயரம் நிற்கிறது. வெளியே நீரெலிகள் வேரோடு தின்று முடித்துவிட்டன, வெறும் சேறு. பூனை அளவு எலிகள். யாரோ தோல் வியாபாரத்துக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, வியாபாரம் படுத்ததும் திறந்துவிட்டார்கள். அந்தப் புண்ணியவான்களால் எனக்கு முனைவர் பட்டம் கிடைக்கப்போகிறது.

இருக்குமிடம் தெரியக் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிய எலிகளில் 'மாமியார்' மட்டும் அகப்படவில்லை. எல்லோர் பங்கையும் தின்பாள், கிட்டே போனால் கடிப்பாள். பெயர் வைத்தது அக்கா, அவளுக்கு அனுபவம்.

அக்டோபர் 8

இன்றும் காணோம்.

அக்டோபர் 9

கிடைத்துவிட்டாள். கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

ரிசீவரில் 'டிக் டிக்' என்று லேசாகக் கேட்டது. ஆண்டெனாவைத் தூக்கிக்கொண்டு சத்தத்தின் பின்னாலேயே நடந்தேன். சதுப்பு முடிந்து மண்கரை மேல் ஏறினேன். சத்தம் கூடியது. கரைக்கு மறுபக்கம், அதை ஒட்டியே அக்கா வீடு. கடலுக்கும் அவளுக்கும் நடுவே அந்தக் கரை ஒன்றுதான். பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் போனேன். ஒலியை எவ்வளவு குறைத்தும் காது அடைத்தது.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அக்கா, "என்னடி, என் குக்கருக்கும் பட்டை கட்டப் போறியா?" என்றாள்.

சிரித்தேன். மாமியார் கரையைக் குடைந்து வீட்டுக்கு அடிவரை வந்திருக்கிறாள். தனியாகவும் வந்திருக்க மாட்டாள்.

அக்டோபர் 10

கரையின் கடல் பக்கம் வளைகளை எண்ணினேன். பாதியில் எண்ணப் பிடிக்காமல் நிறுத்திவிட்டேன். முன்பு கோரை அலையை உடைத்துவிடும். இப்போது கோரையும் இல்லை.

பேராசிரியர்: "ஒரு எலிய வச்சு எதையும் முடிவு பண்ண முடியாதும்மா." கரை அலுவலகப் பொறியாளர்: "எழுதிக் குடுத்துட்டுப் போங்க, மழைக்காலம் முடியட்டும், பாக்கலாம்."

முடிந்தபிறகு பார்க்க என்ன இருக்கும்?

இன்னொன்று. நல்ல கோரையை வேலி போட்டு மறித்தது நான்தானே? அதனால்தான் அவள் கரைப்பக்கம் போனாளா? இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அக்டோபர் 12

வியாழன் பௌர்ணமி, கடல் நிறைய ஏறும். கூடவே புயல் வருகிறதாம்.

அக்கா வீட்டில் சொல்லிப் பார்த்தேன். மாமா எலக்ட்ரீஷியன், இந்த வீட்டு ஒயரிங் முழுக்க அவர் கையால் செய்தது. "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றியா?" என்றார்.

"கொளுத்த வேணாம் மாமா. நாலு நாள் என் ரூமுக்கு வாங்க."

"அது எலி வளையாச்சே!"

எல்லோரும் சிரிச்சாங்க. நான் கத்திட்டேன். அழுதும் தொலைச்சேன். பிள்ளைங்க மிரண்டு போச்சு. ஏன் யாருக்குமே புரிய மாட்டேங்குது?

அக்டோபர் 14

தூக்கமில்லை. கண்ணை மூடினால் டிக் டிக்.

அக்டோபர் 15

மாமா வேலைக்குப் போனபின் போனேன். ஹெட்போனை அக்கா காதில் மாட்டிச் சமையலறைத் தரையில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு முகம் மாறியது. சத்தம் குறைகிறது என்றாள். ஆண்டெனாவோடு நான் முன்னே போக, எழுந்து தேடிக்கொண்டே வந்தாள். பிள்ளைகள் படுக்கும் அறையில், கட்டில் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"நடக்குறாடி. நம்ம காலுக்குக் கீழயே நடக்குறா."

உடனே துணிகளை மூட்டை கட்டினாள். மாலை மாமா வந்து குதித்தார். அக்கா, "நீங்க வேணா அந்த மாமியாரோட குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு என்கூட வந்துவிட்டாள். அவர் வரவில்லை.

அக்டோபர் 16

காற்று ஊளையிடுகிறது. மதியத்துக்கு மேல் கடல் ஏறும். மாமா போன் எடுக்கவில்லை. அக்கா ஜன்னலை விட்டு நகரவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டினாலாவது தேவலை.

கடவுளே, நான் சொன்னதெல்லாம் பொய்யாகட்டும். மூணு வருஷ ஆராய்ச்சியும் தப்பாவே போகட்டும்.

அக்டோபர் 17

மாமா வந்துவிட்டார். காலில் செருப்பில்லை. அக்கா அவரை அடித்தாள், பிறகு அழுதாள்.

அக்டோபர் 20

தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். கரை பிளந்து கிடக்கிறது. சமையலறையும் இல்லை, பிள்ளைகள் அறையும் இல்லை. முன்கதவு மட்டும் நிற்கிறது, காலிங்பெல்லோடு.

"தரை மெத்துனு அமுங்குச்சு. அப்படியே ஓடி வந்துட்டேன்" என்றார் மாமா. ரிசீவரைப் பார்த்தார். "அவ இருக்காளா?"

போட்டுப் பார்த்தேன். டிக் டிக். வேலி சாய்ந்திருந்த இடத்தில், கோரைக்குள்ளிருந்து.

"இருக்கா மாமா. கோரை திங்குறா."

"அதை முதல்லயே தின்னுருக்கலாம்ல" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். வேலி என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்டோபர் 23

வேலியைப் பற்றிப் பேராசிரியரிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டேன். மாமா என் தட்டில் சோறு போட்டார். பிறகு, "சோறு ஆறுது, சாப்பிடு" என்றார்.

ஒரே அறையில் ஐந்து பேர். விளக்கை அணைக்கும் முன் அக்கா கை நீட்டி ஹெட்போனைக் கேட்டாள்.

"இது மூணாவது மாடிக்கா."

"தெரியும். குடு."