நீ வைத்த பூஜ்யம்

பரணை ஒழித்தபோது அந்தப் பழைய கீபோர்டு கிடைத்தது. மில்லில் கழித்துப் போட்டதை, "வீட்ல இடத்த அடைக்குது, நீயே வச்சுக்க ட்டி" என்று என்னிடம் தள்ளிவிட்டாயே, அதேதான். விசைகளின் மேல் நீ எழுதி ஒட்டிய, ஏ.பி.எல். என்ற கம்ப்யூட்டர் மொழியின் குறிகள் இன்னும் உரியவில்லை. உன் கையெழுத்து என்னுடையதைவிட அழகு என்ற எரிச்சல், நீ செத்து ஒரு வருடம் ஆன பிறகும், சட்டென்று வந்தது.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்து நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறையில் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வருவேன். நீ உள்ளூர்க்காரி, தலைகூடக் கலையாமல் உட்கார்ந்திருப்பாய். இருவரில் ஒருத்தியைத்தான் பர்மனென்ட் ஆக்குவோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அதற்கு ஒரு சோதனை வைத்தார்: குடோனிலுள்ள ஒரு லாட்டின், அதாவது ஒரு தொகுதி நூல் மூட்டைகளின், எண்ணைக் கொடுத்தால், வரிசையில் அது எத்தனையாவது இடம் என்று கண்டுபிடித்து, அந்த இடத்திலுள்ள எடையைத் திரையில் காட்ட வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடும்படி நான் பேசிக் மொழியில் ஒரு பக்கம் எழுதினேன். நீ உன் ஏ.பி.எல்.லில் அயோட்டா என்ற சின்னக் கொக்கியைத் தட்டினாய், இடம் வந்து நின்றது. "அம்புட்டுதான்" என்றாய். எனக்கு வயிறு எரிந்தது.

மேனேஜர் சோதிக்க வந்தவர், ஏற்கெனவே லாரியில் போய்விட்ட லாட்டைக் கேட்டார். இல்லாததைத் தேடினால் உன் மொழி 'இல்லை' என்று சொல்லாது. கடைசி லாட்டையும் தாண்டி அடுத்த இடத்தைச் சொல்லும். நம் மில் வழக்கப்படி எடைகளுக்குக் கடைசியில் கூட்டுத்தொகையையும் ஏற்றியிருந்தாய். போன லாட்டுக்கு குடோனின் மொத்த எடையும் வந்து நின்றது.

"என்னம்மா, குடோனையே லாரில ஏத்திட்ட?" என்று மேனேஜர் சிரித்தார். என் மனம் குளிர்ந்துபோனது. வேலை எனக்குத்தான் என்றே நினைத்தேன்.

உன் முகம் வாடவே இல்லை. "செத்த நேரம் பொறுங்க சார்" என்று கூட்டுத்தொகையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பூஜ்யத்தை வைத்தாய். "இல்லாததுக்கும் ஒரு இடம் வேணும்லா" என்றாய். வேலை உனக்குப் போனது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலுக்கு டைப் அடிக்கப் போனேன்.

உன் காரியத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன், அழுதுகொண்டே. உன்னைவிடக் கெட்டிக்காரிகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒருத்திமேல்கூடப் பொறாமை வரவில்லை. அது முழுவதையும் உனக்கென்றே வைத்திருக்கிறேன் ட்டி.