கருவாடு ஊறிய தண்ணீர்

அக்கா,

இன்று காலை மருமகள் கோழிக்குத் தவிடு புளிக்க வைத்த பானையைத் திறந்தாள். அந்த வாடை அடுப்படி வரைக்கும் வந்தது. செய்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். "இன்னா அத்த இது, கோழித் தீனியப் போயி?" என்று சிரித்தாள். உப்பு இருக்கிறதா என்று பார்த்தேன் என அவளிடம் எப்படிச் சொல்வேன்?

நம் வீடுகளுக்கு நடுவில் வேலியை ஒட்டி உன் பானை இருக்கும். தவிடு, நொய், அரிசி கழுவிய தண்ணீர். மூன்றாம் நாள் நுரை கட்டிவிடும். முழுக்கக் காலி பண்ண விடமாட்டாய். "அடியில ஒரு பிடி கெடக்கணும்டி, அதான் அடுத்ததைப் புளிக்க வெக்கும்" என்பாய். உன் கோழிகள் அதில்தான் கொழுத்தன. மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், அவளுக்குச் சாறு வைக்க வெளியில் கோழி தேடக் கூடாது என்று உனக்கு ஒரே பிடிவாதம்.

அவளை அழைத்துவர நீ ஏம்பலம் போன மூன்று நாளும் பானை என் பொறுப்பு. இரண்டாம் நாள் எங்கள் வீட்டில் பழையதுதான். உலை வைக்கவில்லை, அதனால் கழுநீர் இல்லை. பழையதுக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடு ஊற வைத்திருந்தேன், கடலோரம் நல்லவாட்டில் இருக்கும் உன் அண்ணன் கொண்டுவந்ததில் எனக்கும் பங்கு கொடுத்தாயே, அதுதான். அந்தத் தண்ணீரை அப்படியே பானையில் ஊற்றிக் கலக்கினேன். மீன் வாசம் என்றால் கோழி பறந்து வருமே, நல்லதுதானே என்று நினைத்தேன். ஆவலாகத்தான் தின்றன. வெயில் ஏறியதும் தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவில்லை. மறுநாள் ஒவ்வொன்றாகக் கால் மடங்கி விழுந்தன. பத்து நாள் முன்பு உன் அண்ணன் கொடுத்த சேவலும்தான்.

நீ மகளோடு வந்து நின்றபோது பானையைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன். "கழிச்சல் நோவு வந்துடுச்சிக்கா" என்றேன். வாயில் அப்படி வந்துவிட்டது. என்னை நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்த சேவல்தான்டி. சீக்குக் கோழிய என் தலையில கட்டிட்டான். புள்ளத்தாச்சிக்கு ஒரு சாறுக்கு வழியில்லாம பண்ணிட்டான்."

மறுநாளே பஸ் ஏறிப் போய் அண்ணனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாய். அதோடு உங்களுக்குள் போக்குவரத்து நின்றது. பேரனுக்குக் காது குத்தும்போது மட்டும், "அண்ணனுக்குச் சொல்லிவுடலாமாடி?" என்று என்னிடம் கேட்டாய். நான் குனிந்து பூ கட்டிக்கொண்டே இருந்தேன். நீயே "வேணாம் போ" என்றாய்.

நீ கண்ணை மூடிய அன்று உன் அண்ணன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தார். நேரே என்னிடம் வந்து, "நீயே சொல்லும்மா, அந்த சேவல் நல்லாத்தான இருந்துச்சி?" என்றார். நான் ஓவென்று அழுதேன். உனக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கழிச்சல் இல்லை அக்கா, உப்பு. உன்னிடம் சொல்லாததை அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை நல்லவாட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.