ஒளியை அணைத்த பிறகும்

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஏசிக் குளிர் என்று நினைத்துக்கொள்.

"ஒரு துண்டு வைரமாச்சும் சுருட்டிட்டு வாடி" என்றாயே, எங்கள் ஆய்வகத்து வைரம் கண்ணுக்கே தெரியாது. ஒளி பட்டால் அது அதிரும். அந்த அதிர்வு உள்ளிருக்கும் எலக்ட்ரானின் சுழற்சியைத் திருப்ப வேண்டும். போன வாரம் திரும்பியது. பேராசிரியர் நாளை அதை மாநாட்டில் அறிவிக்கிறார்.

இன்று அந்த ஒளியை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் திரும்பியது. பக்கத்துக் கம்பியிலிருந்து கசியும் மைக்ரோவேவ் அலைதான் திருப்புகிறது, வைரத்தின் அதிர்வு அல்ல.

ஆய்வகத்து சீனியர் அண்ணனிடம் சொன்னேன். "வாயத் தொறக்காதம்மா. சார் கையெழுத்து இல்லாம உனக்குப் பட்டம் கிடையாது" என்றார்.

பேராசிரியரின் கதவைத் தட்டிவிட்டேன். "இரும்மா, போன்ல இருக்கேன்" என்கிறார். வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். நான் திடீரென்று வீட்டுக்கு வந்து நின்றால், அப்பா காரணம் கேட்காமல் பார்த்துக்கொள்.

உன் தங்கை